ரத்தம் சிந்தாத குத்துச்சண்டைக்கு ஒரு லைசென்ஸ்

உட்கார்ந்த இடத்தில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல இருக்க முடியாத பிறவி நான். பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். பாதி முகம் சவரமாகியிருக்கும்போது தெருவில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்து நாவிதரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்படிப்பட்டவன் குத்துச்சண்டையில் இறங்கினால் என்ன ஆகும்? மூன்று தடவை மேடை ஏறினேன். மூன்று தடவையும் என்னைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். எதிராளி வரட்டும் என்று காத்திருக்கத் தெரியாமல் நானே ஓடிப்போய் அவன் கையில் மூஞ்சியைக் கொடுத்துவிடுவேன். மூன்றாவது சண்டை முடிந்த அன்று என் மனைவி கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு அடிக்கவும் தெரில, அடி வாங்கவும் தெரில, சும்மா குந்திகினு இருக்கவும் தெரில. இன்னாதான்யா தெரியும் உனக்கு?"

நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. சண்டை போடத் தெரியாவிட்டால் போகட்டும், சண்டையை நடத்திக் காட்டுகிறேன் பார் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேனே தவிர, அதற்கு முன்னால் அப்படி ஒரு யோசனையே எனக்குக் கிடையாது. சொல்லி முடித்ததும் அது எனக்கே பிடித்துப்போய்விட்டது.

யுத்த காலம் அது. ஆவடியில் மிலிட்டரி டிப்போ வந்திருந்தது. அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஏர் ஓட்டியவனும் களை பிடுங்கியவனும் காக்கி நிஜாரை மாட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மரப்பெட்டிகளின் மேல் கறுப்புப் பெயிண்டால் நம்பர் எழுதுவது என் வேலை. அந்தப் பெட்டிகளை முதுகில் சுமந்து வேகனில் ஏற்றுகிறவன் என் கூட்டாளி. கள்ளிக்குப்பத்தில் எங்கள் நிலத்தில் கூலிக்கு உழுதவர் அவனுடைய அப்பா. ஊருக்குள் என்னை 'ஆண்டே' என்று கூப்பிட்டவன், டிப்போவில் இரண்டு பேரும் ஒரே பானையில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்த பிறகு 'அண்ணாத்தே' என்றான். எனக்கு அதில் சந்தோஷம்தான். என் அப்பாவுக்கு இல்லை.

அவன் உண்மையான ஆட்டக்காரன். என்னை மாதிரி குதிக்க மாட்டான். நின்ற இடத்தில் நிற்பான், எதிராளியை வரவிடுவான், வந்ததும் இடது கையை ஒரே ஒரு தடவை நீட்டுவான். அது நேராக மூக்கில் போய் உட்காரும். டிப்போவில் அவனால் மூக்குடைந்தவர்கள் அரை டஜன் பேர் இருப்பார்கள். ஆனால் அத்தனையும் தோப்புக்குள் திருட்டுத்தனமாக நடந்த ஆட்டங்கள். மாங்காட்டுக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த பட்டணத்துப் புரமோட்டர் ஒருவர், கூட்டத்தைப் பார்த்துத் தோப்புக்குள் நுழைந்து அவன் ஆட்டத்தைக் கண்டுவிட்டார். முடிந்ததும் அவனைக் கூப்பிட்டார்.

"தோப்புல ஆடறதெல்லாம் ஆட்டத்துல சேர்த்தியே இல்லடா. லைசென்ஸ் வாங்கின மேடையில ஒரு தபா ஜெயிச்சிக் காட்டு. நானே வந்து பாக்கறேன். அடுத்த மாசமே உன்ன பட்டணத்துல ஏத்தறேன்."

அன்றிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. வயது இருபத்தொன்பது ஆகிவிட்டது. குத்துச்சண்டையில் அது சாயங்காலம் மாதிரி. "மூட்ட தூக்கினது போதும் அண்ணாத்தே. பட்டணத்துல ஏறிட்டேன்னா இந்த ரெண்டு கையே நமக்குச் சோறு போடும்" என்பான். லைசென்ஸ் வாங்குவது என் பாடு, ஜெயிப்பது அவன் பாடு என்று பேச்சாயிற்று. கோவில்பதாகையில் நீளக் கைக்காரன் ஒருவன், டிப்போவில் லாரி ஓட்டுகிறவன், எதிரே நிற்கச் சம்மதித்தான்.

லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று இன்றைக்கு யாராவது கேட்டால் ஒரே ஒரு புத்தி சொல்வேன். சொல்கிறவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் நில்லுங்கள். பூந்தமல்லி சர்க்கார் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் மரத்தடியில் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். "மொதல்ல நெலத்துக்காரர் சம்மதக் கடுதாசி வேணும், அப்பால..." என்று அவர் ஆரம்பித்தார். முதல் காகிதத்தின் பெயர் காதில் விழுந்ததுமே நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். எட்டொன்பது மைல் மிதித்து வீட்டுக்கு வந்து, அறுவடை முடிந்த நிலத்தை ஒரு நாளைக்குக் கேட்டு அப்பாவிடம் சண்டை போட்டு, வரப்பு உடைந்தால் நானே கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்து வாங்கி, மறுபடி மிதித்துப் போனால், "அப்பால மணியக்காரர் ஓலை வேணும்னு சொல்லவந்தேன். அதுக்குள்ள ஓடிட்டியே" என்றார். மணியக்காரர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன் என்றார். அவர் வீட்டு வாசலை எத்தனை தடவை சுற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "யாரோ செக்கு மாடு கணக்கா சுத்துறாங்க" என்று உள்ளே சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஓவர்சீயர். மேடை பலமாக இருக்கிறதா என்று அவர் சர்ட்டிபிகேட் தர வேண்டும். வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை மேல் மூன்று தடவை குதித்தார். அதுதான் பரீட்சை. அடுத்து, பக்கத்தில் உட்கார ஒரு டாக்டர். அம்பத்தூர் எல்.எம்.பி. டாக்டர், "வர்றேன், ஆனா நாற்காலிக்குக் கை வெச்சிருக்கணும்" என்றார். வாளியில் மணல், வாளியில் தண்ணீர், பெண்களுக்குத் தனித் தட்டி. யுத்தத்துக்காக விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பெட்ரோமாக்ஸ் ஏற்றக் கூடாது, பொழுது சாய்வதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை போனேன். மனு எழுதுகிறவர் சொன்னதை முழுசாகக் கேட்டிருந்தால் இரண்டு நடையில் முடிந்திருக்கும்.

இதில் பெரிய அவசரம் ஒன்று பண்ணினேன். லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்னால் நோட்டீஸ் அச்சடித்துவிட்டேன். அந்தக் காலத்துக் குத்துச்சண்டை நோட்டீஸுக்கு ஒரு மரபு உண்டு. எவ்வளவுக்கெவ்வளவு பயங்கரமாகப் புளுகுகிறோமோ அவ்வளவுக்குக் கூட்டம். சாதுவாக எழுதினால் ஈ காக்கை வராது. நான் உட்கார்ந்து, இல்லை நடந்துகொண்டே, எழுதியது இது: 'ரோஷமான குத்துச்சண்டை. மூக்குடைக்கும் மாவீரனும் கோவில்பதாகை எமனும் மோதுகிறார்கள். ரத்த ஆறு ஓடும். பிணம் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. கர்ப்பஸ்திரீகளும் பயந்த சுபாவமுள்ளவர்களும் வர வேண்டாம்.' என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். படித்துக் காட்டியதும், "அப்ப நான் வரக் கூடாதா?" என்று கேட்டாள். நீ வராவிட்டால் நல்லது என்றேன். நோட்டீஸ் மஞ்சள் காகிதத்தில் அத்தனை அழகாக வந்திருந்தது. பெருமை தாங்காமல் அதில் ஒன்றை மனுவோடு சேர்த்துக் குத்திவிட்டேன். "இது எதுக்கு?" என்று மனு எழுதுகிறவர் கேட்டார். இருந்தால் ஒரு மதிப்பு என்றேன்.

கச்சேரியில் லைசென்ஸ் தருகிற அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் மற்றக் காகிதமெல்லாம் ஓரமாக இருந்தது. மஞ்சள் காகிதம் மட்டும் நடுவில். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"ரத்த ஆறு ஓடும் என்று போட்டிருக்கிறீர். எந்தப் பக்கமாக ஓடும்?"

நான் காகிதத்தை எட்டிப் பார்த்தேன்.

"பிணம் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், அப்படித்தானே?"

"அது சும்மா, வழக்கமா போடறதுங்க."

"அப்படியானால் பொய் என்கிறீர்."

"பொய் இல்லீங்க. விளம்பரங்க."

"மனுவோடு சேர்த்துக் கொடுத்தால் அது விளம்பரம் இல்லை. நீர் சர்க்காருக்குச் சொல்கிற வாக்குமூலம்" என்றார். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். மனுவைத் தள்ளிவிட்டிருக்கலாம், தள்ளவில்லை. எதிரே உட்காரச் சொல்லி வேறொரு வாக்குமூலம் எழுதி வாங்கினார். ஆடுகிற இருவருக்கும் பகை கிடையாது, இருவரும் நேசமானவர்கள், இது தேகப் பயிற்சிக்கான விளையாட்டு, காயம் பலமாகப் பட்டால் டாக்டர் சொன்னபடி நிறுத்தப்படும். நோட்டீஸ் அத்தனையும் கொளுத்திவிட்டு, இந்த வாக்குமூலத்தை ஆடுகிறவர்களின் இரண்டு ஊரிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். ஆட்டத்தன்று மேடையருகே இன்ஸ்பெக்டர் உட்காருவார். லைசென்ஸ் பெற்றவன் அவர் பக்கத்து நாற்காலியை விட்டுக் கடைசி மணி அடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது.

எப்படியோ லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் தலையாரி முதல் தெருவில் தமுக்கடித்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், சண்டை போடற ரெண்டு பேருக்கும் பகை எதுவும் கிடையாது, ரெண்டு பேரும் நேசமானவங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தெருவே சிரித்தது. "அப்ப இன்னாத்துக்கு சண்ட? கட்டிப்புடிச்சிகினு அழுவப் போறானுங்களா?" என்றது ஒரு குரல். கூட்டம் வராது, பட்டணத்துப் புரமோட்டர் காலி நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிற வழக்கம் இருந்திருந்தால் வேறு ஏதாவது தோன்றியிருக்கும். இல்லையே. தலையாரியை ஓரமாக இழுத்தேன்.

"கடைசில ஒண்ணு சேத்துக்க. மேடையில ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும் ஆட்டம் நடத்தறவருக்கு ஆறு மாசம் ஜெயில். சர்க்கார் உத்தரவுன்னு சொல்லு."

"மெய்யாலுமா சாமி?"

"நீ அடி."

அது வேலை செய்தது பாருங்கள். அடுத்த தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு ஊரிலும் அதே பேச்சு. மூக்குடைக்கிறவன் மேடையேறுகிறான், ரத்தம் வந்தால் நம்பர் எழுதுகிறவன் உள்ளே போகிறான். என்னைக் கண்டால் ஆகாதவர்கள் அத்தனை பேரும் முன்வரிசைக்கு இடம் சொல்லி வைத்தார்கள். என் பங்காளி ஒருவர் ஆட்டத்தன்று வீட்டுக்கு விருந்தாளிகளைக்கூடக் கூப்பிட்டிருந்தார். எனக்குக் கவலை இல்லை. அப்படி உத்தரவே கிடையாது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கூட்டாளியை அந்த நாட்களில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், டிப்போ கேட்டில். "அண்ணாத்தே, தமுக்குல சொன்னாங்களே, அது..." என்று ஆரம்பித்தான். கொட்டகைக்குக் கீற்று ஏற்றிய வண்டி எங்கோ நின்றுவிட்டது என்று ஆள் வந்து சொன்ன நேரம் அது. "அத்தெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஆட்டத்த மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டத்தன்று மூன்று மணிக்கே நிலம் நிறைந்துவிட்டது. வரப்பெல்லாம் ஆள். பட்டணத்துப் புரமோட்டர் சொன்னபடி வந்து இரண்டாம் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் ரயில்வேயில் வேலை பார்க்கும் பழைய ஆட்டக்காரர். மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. ஆறு ரவுண்டு. கூட்டாளியின் மூலையில் அவன் தாய்மாமன் துண்டும் தண்ணீருமாக நின்றார். நான் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில், நாற்காலியில்.

முதல் ரவுண்டில் அவன் வழக்கம்போல நின்றான். நீளக் கைக்காரன் வந்தான், இரண்டு குத்து விட்டான், இவன் தடுத்தான். சரி, ஆளை அளவெடுக்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவது ரவுண்டிலும் அதேதான். அவன் குத்துவதும் இவன் தடுப்பதும், நடுநடுவே மார்பில் தூசி தட்டுகிற மாதிரி லேசாக ஒரு தட்டு. கூட்டம் முணுமுணுத்தது. எனக்குக் கால் நிற்கவில்லை. எழுந்தேன். இன்ஸ்பெக்டர் என் முழங்கால் மேல் பிரம்பை நீட்டினார். உட்கார்ந்தேன்.

மூன்றாவது ரவுண்டில் அது நடந்தது. நீளக் கைக்காரன் பலமாக ஒரு வீச்சு வீசினான், அது காற்றில் போனது, அவன் தடுமாறி இரண்டு கையையும் தொங்கவிட்டுவிட்டான். அவன் முகம் முழுசாகத் திறந்து கிடந்தது. என் கூட்டாளியின் இடது கை பின்னால் போயிற்று. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அந்தக் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கை போனது. பாதியில் நின்றது. எதிராளியின் தோளை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

கூட்டம் ஊளையிட்டது. "நேசமானவங்கடா" என்று எவனோ கத்தினான். எதிராளிக்குத் தைரியம் வந்துவிட்டது. நாலாவது ரவுண்டில் என் கூட்டாளியின் கன்னத்தில் நேராக ஒரு குத்து விழுந்தது. பல்லுக்கு ரப்பர் வைத்துக்கொள்வதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. குத்து விழுந்ததும் அவன் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு மிச்ச ஆட்டம் பூராவும், தண்ணீர் குடிப்பதற்குத் தவிர, அவன் வாயைத் திறக்கவே இல்லை. இடைவேளையில் மாமன் தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக் கொப்பளிக்காமல் அப்படியே விழுங்கினான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். நாலாவது மணி அடித்ததும் பட்டணத்துப் புரமோட்டர் எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டார். என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரப்பு மேல் ஏறி ரோட்டுக்குப் போனார். நான் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அவர் காலில் விழுந்திருப்பேன். பிரம்பு என் முழங்கால் மேலேயே இருந்தது.

ஆறாவது மணி அடித்தது. நடுவர் கோவில்பதாகைக்காரன் கையைத் தூக்கினார். இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, "ஒழுங்கான ஆட்டம். இந்த மாதிரியே நடத்தினால் அடுத்த தடவையும் நல்ல ரிப்போர்ட் எழுதுகிறேன்" என்றார். அவருக்குக் கும்பிடு போட்ட கையோடு ஓடினேன்.

கூட்டாளி வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. என் வாயில் என்னென்ன வந்ததோ அத்தனையும் கேட்டேன். கை முறிந்துவிட்டதா என்றேன். பொட்டையா நீ என்றேன். கோவில்பதாகைக்காரனிடம் எவ்வளவு வாங்கினாய் என்றுகூடக் கேட்டேன். அதைக் கேட்ட வாயை இன்றைக்கும் கிழிக்கலாம். அவன் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். யாரைக் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. தலையில் தொப்பி வைக்கிற மாதிரி சைகை செய்தான்.

"இன்ஸ்பெக்டரா? அவர் மோட்டார் சைக்கிள்ல பூட்டார்டா. அவருக்கு இன்னா இப்ப?"

அவன் பக்கவாட்டில் குனிந்து துப்பினான். ஒரு வாயில் அவ்வளவு ரத்தம் தங்கும் என்று எனக்குத் தெரியாது. மறுபடி துப்பினான். மறுபடியும். பிறகு காலால் வைக்கோலை இழுத்து அதன் மேல் மூடினான்.

"பாத்துட்டாரா அண்ணாத்தே?"

"இன்னாத்த?"

"ரத்தத்த. அஞ்சாவது ரவுண்டுல ஒரு சொட்டு ஒதட்டுக்கு வந்துடிச்சி. நக்கிக்கினேன். மத்ததெல்லாம் முழுங்கிட்டேன். அவன் மூஞ்ச நான் தொடவே இல்ல, பாத்த இல்ல? தொட்டா ஒடையும், உனக்குத்தான் தெரியுமே. ஆறு மாசம் நீ உள்ள பூட்டீன்னா, மாசமா கீற அண்ணிய யாரு பாக்கறது?"

அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன். சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. ஜெயில் என்று ஒன்றும் கிடையாது, கூட்டம் வருவதற்காக நானாகச் சேர்த்தது என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. இடது கை கிளவுஸின் கயிறு அவிழ்க்காமல் இருந்தது, அதை அவிழ்க்க என்னிடம் நீட்டினான். நான் அவிழ்த்தேன். கையை வெளியே எடுத்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்ப மூணாவது ரவுண்டுல நான் அடிச்சிருக்கலாமா அண்ணாத்தே?"

"அடிச்சிருக்கலாம்" என்றேன்.